சேலத்துப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு: குல்மார்க்கா, சோலங்கா, அவுலியா, துபாயா?

"அண்ணா, பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு பழக்க எங்கே போகலாம்? மணாலி போதுமா, காஷ்மீருக்கே போகவேண்டுமா?" பொங்கல் விடுமுறையில் காஷ்மீரின் குல்மார்க் போய்த் திரும்பியதிலிருந்து அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று குடும்பங்கள் இதைக் கேட்டுவிட்டன. கேட் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. டிசம்பரில் ஏற்காட்டுக் குளிருக்கே பிள்ளைகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு அழைத்துப் போகிறவர்கள் நாம். உறைபனி எப்படி இருக்கும், அதில் குழந்தை எத்தனை மணி நேரம் தாங்கும், யாரை நம்பி விடுவது என்று சொல்ல வீட்டில் பெரியவர்களும் கிடையாது. அதனால் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது ஏழு வயது, மகனுக்குப் பதினொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் மணாலிக்குப் பக்கத்துச் சோலங், அதற்குப் பிறகு ஒரு மே மாதம் துபாய், இந்தப் பொங்கலுக்குக் குல்மார்க் என்று மூன்று இடங்களில் அவர்களைப் பலகையில் ஏற்றிப் பார்த்துவிட்டேன். உத்தரகண்டில் இருக்கிற அவுலிக்கு நான் போனதில்லை. அங்கே பதினான்கு நாள் பயிற்சி முடித்த என் அக்கா மகன் சொன்னதை வைத்து அந்தப் பகுதியை எழுதுகிறேன்.

## முதலில் எதைப் பார்க்கவேண்டும்

சுற்றுலா விளம்பரங்கள் மலையின் உயரத்தையும் ரோப்காரின் நீளத்தையும் பெரிதாகச் சொல்கின்றன. ஏழு வயதுக் குழந்தைக்கு அவை இரண்டாலும் பயன் கிடையாது. முதல் மூன்று நாளும் அது ஒரு சின்ன மேட்டில்தான் ஏறி இறங்கப்போகிறது. அந்த மேடு எப்படி இருக்கிறது, அங்கே அதன் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மாஸ்டர். நீச்சலுக்கும் கராத்தேக்கும் மாஸ்டரை விசாரித்துச் சேர்க்கிற நாம், பனிச்சறுக்கு என்று வந்ததும் டாக்ஸி ஸ்டாண்டில் எதிரே வருகிறவரிடம் குழந்தையை ஒப்படைத்துவிடுகிறோம். ஒரு வகுப்பில் ஐந்து குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று நாளும் ஒரே ஆள் வரவேண்டும். முதல் நாள் கையில் ஊன்றுகோல் கொடுக்கக் கூடாது. விழுவது, எழுவது, நிற்பது மூன்றையும் சொல்லிக்கொடுத்த பிறகே சறுக்க விடவேண்டும். நிற்பது என்றால் இரு பலகைகளின் முனைகளையும் உள்பக்கம் சேர்த்து, பின்பக்கத்தை அகலமாகத் தள்ளுவது. பீட்சாத் துண்டு போல என்று சொன்னால் குழந்தைக்கு உடனே புரிந்துவிடும். உலகம் முழுவதும் மாஸ்டர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நல்ல மாஸ்டர் குழந்தையின் எடையைக் கேட்பார். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, குழந்தை விழும்போது தானாகத் திறந்துகொள்ளவேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் அதன் இறுக்கத்தைத் திருகி அமைக்கவேண்டும். பெரியவர்களுக்கு வைத்த இறுக்கத்திலேயே குழந்தைக்குக் கொடுத்தால் பூட்டு திறக்காது. பலகை ஒரு பக்கம் திரும்பும், முழங்கால் இன்னொரு பக்கம் திரும்பும். வாடகைக் கடையில் அவசரப்பட்டு வாங்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை.

தொடக்கச் சரிவு. கீழே போதுமான சமதளம் இருந்தால் நிற்கத் தெரியாத குழந்தையும் தானாக நின்றுவிடும். மேலே ஏற, கம்பளம் போல நகரும் பட்டையோ இழுவைக் கயிறோ இருப்பது பெரிய உதவி. இரண்டும் இல்லாத இடத்தில் குழந்தை பலகையைச் சுமந்து நடந்து ஏறவேண்டும். பத்து முறை ஏறினால் கால் ஓய்ந்துவிடும், அன்றைய வகுப்பும் அத்தோடு முடிந்துவிடும்.

பனியும் நம் லீவும். பல குடும்பங்கள் சறுக்கும் இடம் இதுதான். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருகிறது. இமயமலையில் நம்பகமான பனி பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. அப்போது பள்ளி நடக்கிறது, பிப்ரவரி தாண்டினால் தேர்வுகள். ஆகவே பொங்கல் விடுமுறையோடு நான்கைந்து நாள் சேர்த்து எடுப்பதுதான் ஒரே சந்து. வகுப்பாசிரியரிடம் நவம்பரிலேயே பேசிவிடுங்கள்.

மொழி. நம் பிள்ளைகளுக்கு இந்தி வராது. சரிவில் மாஸ்டர் கத்துவது புரியாவிட்டால் அது ஆபத்து. கிளம்புவதற்கு முன் நான்கு சொற்களைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்: ருக்கோ என்றால் நில், தீரே என்றால் மெதுவாக, குட்னே மோடோ என்றால் முழங்காலை மடக்கு, ஆகே தேக்கோ என்றால் முன்னால் பார். என் மகள் இதைக் காரில் பாட்டாகவே பாடிக்கொண்டு வந்தாள்.

## ஒரே பார்வையில்

| | குல்மார்க் | சோலங் | அவுலி | துபாய் |
|---|---|---|---|---|
| உயரம் | சுமார் 2,650 மீட்டர் | சுமார் 2,500 மீட்டர் | 2,500 முதல் 3,050 மீட்டர் வரை | மூடிய அரங்கு |
| பொங்கல் லீவில் பனி | பெரும்பாலும் உண்டு | நிச்சயமில்லை | நிச்சயமில்லை | ஆண்டு முழுவதும் |
| சிறுவர் பயிற்சி | தேடினால் நன்று | பொழுதுபோக்கு அளவில் | பெரிய பிள்ளைகளுக்கு நன்று | ஒழுங்கான படிநிலைகள் |
| கடைசிக் கட்டப் பயணம் | ஸ்ரீநகரிலிருந்து 50 கி.மீ. | மணாலியிலிருந்து 13 கி.மீ. | ரிஷிகேஷிலிருந்து சுமார் 250 கி.மீ. மலைப்பாதை | நகருக்குள்ளேயே |
| கணக்கில் வராத செலவு | சங்கிலி வண்டி, வாடகை, ஒரு நாள் கூடுதல் தங்கல் | உடை வாடகை, நெரிசலில் போகும் நேரம் | இரண்டு நாள் சாலை | விசா, பாஸ்போர்ட் |
| என் கணிப்பில் ஏற்ற வயது | 6க்கு மேல் | பனியைப் பார்க்க எந்த வயதும் | 14க்கு மேல் | 4க்கு மேல் |

## குல்மார்க்

இந்தியாவுக்குள் என்றால் என் முதல் தேர்வு இதுதான். காரணம் கொண்டோலா என்கிற புகழ் பெற்ற ரோப்கார் கிடையாது. அது இரண்டு கட்டமாக அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை போகிறது, ஆனால் அந்த மேல்சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை. பனிச்சரிவு அபாயமும் அங்கேதான். குழந்தைகளுக்கு வேண்டியது கீழே, கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய கிண்ணம் போன்ற வெளி. மெல்லிய சாய்வு, கீழே அகலமான சமதளம், இழுவை லிஃப்ட். பெற்றோர் ஓரத்தில் நின்றே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இங்கே பனிச்சறுக்கு ஊர்த்தொழில். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறது. 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் இங்கே நடக்கின்றன. இந்தச் சூழலில் வளர்ந்த நல்ல மாஸ்டர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

முதல் நாள் நாங்கள் தேடவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் வந்து நின்ற ஒருவரிடம் பேசி முடித்தோம். அவர் என் மகளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடி ஒரு மணி நேரம் இழுத்துப்போனார். படம் எடுத்துக்கொடுத்தார். பணம் வாங்கினார். அவள் நிற்கவும் கற்றுக்கொள்ளவில்லை, விழுந்து எழவும் கற்றுக்கொள்ளவில்லை. அழுதுகொண்டு வந்தவளின் பூட்ஸைக் கழற்றினால், பாதம் ஆடாமல் இருக்க இரண்டு கம்பளிக் காலுறை போட்டு, இரண்டு அளவு பெரிய பூட்ஸ் மாட்டியிருந்தார்கள். விரல்கள் சிவந்து மரத்துக் கிடந்தன.

மறுநாள் தங்கும் விடுதியில் விசாரித்து வேறொரு மாஸ்டரை அமர்த்தினோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். முதலில் மகளைப் பனியில் உட்காரவைத்து ஒரு காலுறையைக் கழற்றச் சொன்னார். மெல்லிய காலுறை ஒன்றுதான் போடவேண்டுமாம். இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிருமாம். குதிகால் பின்பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கடைக்கு அவரே போய்ச் சின்ன பூட்ஸ் வாங்கிவந்தார். அரை மணி நேரம் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டி ஸ்கூட்டர் போலத் தள்ளி ஓடவிட்டார். பிறகு தன் கையுறைகளைக் கழற்றிப் பத்தடி கீழே பனியில் வைத்தார். "என் கையுறை மேல் ஏறாமல் நில், பார்க்கலாம்" என்றார். முதல் மூன்று முறை ஏறிவிட்டாள். நான்காம் முறை பலகையின் முனை கையுறைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அதன் பிறகு நாங்கள் ஓரத்தில் நிற்பதையே அவள் மறந்துவிட்டாள். மூன்றாம் நாள் இடமும் வலமும் திரும்பி இறங்கினாள்.

பணம் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி, கணக்கில் வராமல் கையைக் கடிக்கும் செலவுகள். ஸ்ரீநகரிலிருந்து வரும் சாதாரண வண்டி, பனி கொட்டியிருந்தால் தங்மார்கோடு நின்றுவிடும். மீதி 13 கிலோமீட்டருக்குச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டி எடுக்கவேண்டும். மாஸ்டர் கூலி என்று சொல்வதில் பலகை, பூட்ஸ், ஹெல்மெட் வாடகை சேர்ந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கொண்டோலா டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், அங்கே போய் வாங்கலாம் என்று போகாதீர்கள். பனிப்பொழிவில் விமானங்கள் ரத்தாவது சாதாரணம், ஆகவே திரும்புவதற்கு முந்தைய இரவை ஸ்ரீநகரில் வைத்து, ஒரு நாள் உபரியும் வைத்துக்கொள்ளுங்கள். பிற மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர்கள். தயிரும் கிடைக்கும், ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒன்று, பனி. 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இந்தியாவில் உள்ள மூன்று இடங்களில் இது நம்பகமானது என்று சொல்லலாம், உத்தரவாதம் தரமுடியாது. ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பாருங்கள். இரண்டு, பாதுகாப்பு. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. நாங்கள் போகும் முன் வீட்டில் பாட்டி, தாத்தா எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினோம். போவதா வேண்டாமா என்பதை அப்போதைய அரசு அறிவிப்புகளைப் பார்த்து ஒவ்வொரு குடும்பமும் தானே முடிவு செய்யவேண்டும். மனதில் பயத்தை வைத்துக்கொண்டு போனால் அது பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும், அப்படிப் போகவே வேண்டாம்.

ரயில் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஜூனில் கட்ராவிலிருந்து காஷ்மீருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கிவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலத்தில் நிற்கிறது. ஏறத்தாழ மூன்று நாள் பிடிக்கும் என்பதால் பொங்கல் லீவுக்குள் அடங்காது. ஆனாலும் சேலம் ஜங்ஷனில் ஏறி ரயிலிலேயே காஷ்மீர் போய்ச் சேரலாம் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

## சோலங்

மணாலிக்குப் போகிற எல்லோரும் சோலங் போகிறார்கள், அதுதான் சிக்கல். ஒரே சரிவில் குதிரை, ரப்பர் டியூப், பனி ஸ்கூட்டர், படம் எடுப்பவர்கள், நடுவே பலகையில் குழந்தைகள். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை 13 கிலோமீட்டர் போக இரண்டரை மணி நேரம் ஆனது. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லாகூல் பக்கம் சிஸ்ஸுவுக்குப் போகும் வண்டிகளும் அதே சாலையில்தான் வருகின்றன. வழியில் கடைக்குக் கடை உடை வாடகை கேட்பார்கள். அந்த உடைகள் பலர் போட்டு ஈரமாகவே இருக்கும். சேலத்திலிருந்தே ஒரு செட் வாங்கிப் போவது உத்தமம்.

மணாலியில் 1961இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் பனிச்சறுக்குப் படிப்புகளும் நடத்துகிறது. அது தரமான பயிற்சி, ஆனால் அங்கேயே தங்கிப் படிக்கிற இளைஞர்களுக்கானது. சின்னக் குழந்தைக்கு அது சரிப்படாது.

பனியைத் தொட்டுப் பார்க்கவேண்டும், உருண்டை பிடித்து எறியவேண்டும், அரை மணி நேரம் பலகையில் நின்று பார்க்கவேண்டும் என்றால் சோலங் போதும். டெல்லியிலிருந்து இரவு பஸ்ஸில் போய்விடலாம் என்பதால் செலவும் குறைவு. கற்றுக்கொள்ள என்று நான் அனுப்பமாட்டேன்.

## அவுலி

என் அக்கா மகன் இங்கே போனபோது கல்லூரி மாணவன். கர்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் ஏழு நாள், பதினான்கு நாள் என்று சான்றிதழ்ப் பயிற்சிகள் நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, பலகை, மாஸ்டர் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் வந்துவிடுவதால் பேரம் பேசும் தொல்லை கிடையாது. காலை எழுந்ததும் எதிரே நந்தாதேவி. ஏழாம் நாள் முடிவில் தன்னம்பிக்கையோடு இறங்கினேன் என்றான். 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது.

ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்குச் சாலையே பெரிய தடை. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் வரை ஒன்பது, பத்து மணி நேரம் மலைப்பாதை. ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் சுமார் நான்கு கிலோமீட்டர் ரோப்கார், 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. போவதற்கு முன் அது ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள். பனி குறைந்து போட்டிகள் ரத்தான ஆண்டுகளும் உண்டு.

பிளஸ் டூ முடித்த பிள்ளை, தனியாகவோ நண்பர்களோடோ போய் உண்மையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், குல்மார்க்கைவிட இதைத்தான் சொல்வேன்.

## துபாய்

பாலைவனத்தில் பனியா என்று என் அப்பா கேட்டார். போய்ப் பார்க்கும் வரை எனக்கும் நம்பிக்கை இல்லை. மால் ஆஃப் தி எமிரேட்ஸ் வணிக வளாகத்துக்குள் 2005இல் திறந்த ஸ்கீ துபாயில் ஐந்து சரிவுகள், நீளமானது 400 மீட்டர். வெளியே மே மாத வெயில் 40 டிகிரி, உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே.

நம் குடும்பங்களுக்கு இதன் பெரிய பலம் நாள்காட்டி. பள்ளிக்கு ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் கோடை விடுமுறையில் போகலாம். வானிலை பார்க்கவேண்டாம். உயரத்தால் வரும் தலைவலி கிடையாது. வயது வாரியாக, நிலை வாரியாக வகுப்புகள் உண்டு. ஆங்கிலத்தில் சொல்லித் தருகிறார்கள். நிற்கவும் திரும்பவும் தெரிகிறது என்று அவர்கள் பார்த்து உறுதிசெய்யும் வரை பெரிய சரிவுக்கு விடுவதில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைக்கு முதல் பாடம் இங்கே கிடைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வளைகுடாவுக்குப் பறப்பது காஷ்மீர் போவதைவிடச் சுலபம். செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நால்வருக்கும் பாஸ்போர்ட், விசா. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிடும், தேதியைப் பாருங்கள். கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். பிறகு வணிக வளாகத்தின் நடுவே இருப்பதால் பிள்ளைகள் கேட்கும் மற்றதெல்லாம்.

குறையும் உண்டு. அங்கே மலை இல்லை. காற்று முகத்தில் அடிப்பதில்லை, மரக்கிளையிலிருந்து பனி உதிர்வதில்லை. குல்மார்க்கில் விடியற்காலை ஜன்னலைத் திறந்ததும் என் மகன் பேச்சில்லாமல் நின்றானே, அந்த நிமிடம் அங்கே கிடைக்காது.

வெளிநாடுதான் என்று முடிவு செய்தவர்கள் கஜகஸ்தானின் அல்மாத்தியையும் விசாரிக்கலாம். ஊரிலிருந்து 25 கிலோமீட்டரில் ஷிம்புலாக் சரிவுகள் இருக்கின்றன. 2022 முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். நான் போனதில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

## யாருக்கு எது

ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ, பள்ளி லீவு தரமாட்டேன் என்றாலோ துபாய். ஆறிலிருந்து பதின்மூன்று வரை, பொங்கலுக்கு எட்டு நாள் ஒதுக்க முடியும், காஷ்மீர் பற்றி வீட்டில் ஒருமனதாக இருக்கிறார்கள் என்றால் குல்மார்க். கையில் பணம் குறைவு, பனியைப் பார்த்தால் போதும் என்றால் சோலங், வார நாளில் மட்டும். பதினான்கு வயதைத் தாண்டிய, உடலை வருத்திக் கற்கத் தயாரான பிள்ளைக்கு அவுலி.

எங்கே போனாலும் பயணக் காப்பீட்டைப் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் பனிச்சறுக்கு சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கும், தனியாகச் சேர்க்கவேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பாதிக்கும் என்பதால் மேகமாக இருந்தாலும் கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடே 1,500தான். ஆகவே மலையில் முதல் நாள் வகுப்பு வேண்டாம். நிறையத் தண்ணீர் கொடுத்துச் சும்மா விளையாட விடுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு சேர்வராயன் கோயில் பக்கம் நடந்து பழகினோம். தொடையில் அந்தப் பலம் இருந்ததால்தான் என் மகன் இரண்டு மணி நேர வகுப்பை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மாஸ்டரிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மூன்று நாளும் நீங்களேதான் வருவீர்களா, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பூட்ஸ் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா, இந்த மூன்றைக் கேளுங்கள். நீங்கள் கேட்பதற்குள் அவரே குழந்தையின் வயதையும் எடையையும் விசாரித்தால், கூலியில் நூறு இருநூறுக்குப் பேரம் பேசாமல் அவரையே அமர்த்திவிடுங்கள்.